நாற்பது ஏக்கரும் ஒரு கண்டிஷன் பட்டாவும்

காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் டீ கிளாஸோடு நின்றால் ஊரே எங்கோ குடிபெயர்ந்து போவதுபோல் இருக்கும். கண்ணாடியில் ரூட் எழுதிய தாள் ஒட்டிய கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். உட்கார்ந்த மறுநிமிடம் ஜன்னலில் தலை சாய்ந்துவிடுகிறது. நான் ஏறியது அரசுப் பேருந்து. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று வாலாஜாபாத் பக்கம் போகிற சாலை.

கிளம்பியதற்குக் காரணம் ஒரு பட்டப்பெயர்தான். இந்தப் பகுதியை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்கிறார்கள். முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் சொல்லிச் சொல்லி, இப்போது மனை விற்கிற நோட்டீஸிலும் அச்சாகிவிட்டது. கார் செய்கிறார்கள் என்ற ஒரே பொருத்தத்தில் வைத்த பேர் அது. நான் படித்தறிந்த அமெரிக்க டெட்ராய்ட்டில் கார் பாதிக் கதைதான். தெற்கத்திப் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிக் கிடந்த கறுப்பின மக்கள், ரயில் பிடித்து வடக்கே வந்து வார்ப்பட உலைக்கு முன்னால் நின்ற கதை மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி இந்தச் சாலையில் எங்காவது தட்டுப்படுமா என்று பார்க்கத்தான் ஒரு நாள் பயணம்.

பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மடியில் துணிக்கடைப் பை. பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பத்திரமா வெச்சிருக்கீங்களே, என்னங்கய்யா அது?" என்றேன்.

"பேப்பருதான் தம்பி. தாத்தா பட்டா. கண்டிஷன் பட்டான்னுவாங்க."

மகள் வீட்டில் தங்கி, தாலுகா ஆபீசுக்கு நடக்கிறாராம். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று மட்டும் எழுதாதே என்றார். சரி என்றேன். பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து மடியில் விரித்தார். 1930-களின் தாள். தாத்தா பெயரில் 1 ஏக்கர் 40 சென்ட். அடியில் பெருவிரல் ரேகை, ஜெராக்ஸில் கறுப்புத் திட்டாக ஆகியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்ததையே மறுபடி வாசித்தார்: பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்ட வகுப்பார் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"இவ்ளோ கண்டிஷன் போட்டும் போயிடுச்சா?"

"அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பாரு நானூறு ரூபா வாங்குனாரு. கைநாட்டு வெச்சாரு. எதுல வெச்சாருன்னு அவருக்கே தெரியல." சிரித்தார். "இப்ப அங்க பிளாட்டு போட்டுக் கொடி கட்டியிருக்காங்க."

சேரப்பணஞ்சேரியில் நான் இறங்கினேன். அவர் தாளின் நகல் ஒன்றைக் கொடுத்து, "படிச்சவரு, வெச்சுப் பாருங்க" என்றார். போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்.

*

இறங்கியதும் கண்ணில் பட்டது ஊரின் பெயர்ப்பலகை. சேரி என்று முடிகிற ஊர்கள் இந்தப் பக்கம் ஏராளம்: வேளச்சேரி, கூடுவாஞ்சேரி, செம்மஞ்சேரி. சங்கப் பாட்டில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், தெரு, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கியதும் ஒரு புறஞ்சேரியில்தான், அதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களின் பட்டியல் வரும். ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடியிருப்பைச் சாதிவாரியாகப் பிரித்து, அளந்து, கல்லில் ஏற்றியாகிவிட்டது. பிறகு அந்தச் சொல் ஒரே ஒரு சாராரின் தலையில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்குச் சேரி என்று சொல்லக் கூச்சப்பட்டுக் காலனி என்கிறோம். வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்து வைத்த இடத்துக்குப் பேர் காலனி. அதைப் போய் இதற்கு வைத்தோமே, யாருக்கு அந்தப் பொருத்தம் தோன்றியதோ!

சேரப்பணஞ்சேரியில் சேரி என்பது பெரிய ஊருக்கே பெயர். அந்தப் பழைய பொருள் இங்கே ஒரு நிறுத்தத்தின் பெயரில் பிழைத்துக் கிடக்கிறது.

ஒரகடம் நோக்கி நடந்தேன். சாலையில் நடப்பது என்பதும் சும்மா வந்ததல்ல. பொதுச் சாலையில், பொதுக் கிணற்றடியில், சத்திரத்தில் யாரும் போகலாம் என்று சொல்லச் சென்னைச் சட்டமன்றத்துக்கு 1924-இல் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன், இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர். அரசிதழில் வர 1925 ஆயிற்று.

சாலை நெடுகச் சுவர் விளம்பரம். சிமெண்டு, கோச்சிங் சென்டர், கட்சித் தலைவர்களின் பிறந்தநாள். இடையிடையே நீலமும் சிவப்புமாக, பாயும் சிறுத்தை. நூறு முறை பார்த்திருப்போம். இந்தச் சிறுத்தை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யோசித்ததில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லௌண்டஸ் என்று ஒரு மாவட்டம். மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அங்கே வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட இல்லை. எழுத்தறிவுத் தேர்வு, அடி, துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். குடியிருக்கும் குடிசை வெள்ளைப் பண்ணையாருடையது. பேர் பதியப் போனால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் வந்தது. மக்கள் துணிந்து பதிந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பண்ணையார்கள் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலான இளைஞர்கள் நெடுஞ்சாலை 80-இன் ஓரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கிக் கூடாரம் அடித்துக் கொடுத்தார்கள். சில குடும்பங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தக் கூடாரத்திலேயே இருந்தன, இரவில் துப்பாக்கிச் சூடு வரும்போது தரையில் படுத்துக்கொண்டு.

அவர்கள் ஆரம்பித்த கட்சியின் சின்னம் கருஞ்சிறுத்தை. படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக அலபாமாவில் வாக்குச்சீட்டில் படச் சின்னம் இருந்தது. நம் ஊர் உதயசூரியனும் இரட்டை இலையும் போலத்தான். வெள்ளையர் கட்சிக்குச் சேவல், இவர்களுக்குச் சிறுத்தை. 1966 நவம்பரில் நின்ற அத்தனை பேரும் தோற்றார்கள். ஆனால் சிறுத்தை நிற்கவில்லை. அதே 1966-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1972-இல் மும்பைச் சேரிகளில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் 'தலித் பேந்தர்ஸ்' தொடங்கினார்கள். 1982-இல் மதுரையில் மலைச்சாமி. அவர் காலமானபின் திருமாவளவன், அதன்பின் விடுதலைச் சிறுத்தைகள். வாலாஜாபாத் சாலைச் சுவரில் பெயிண்டர் வரைந்த சிறுத்தையின் பூர்வீகம் ஒரு கூடார நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த நெடுஞ்சாலை 80-ஐ டெட்ராய்ட்டும் தொட்டிருக்கிறது. வயோலா லியூசோ என்ற வெள்ளைக்காரப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய், டெட்ராய்ட்டிலிருந்து தன் ஓல்ட்ஸ்மொபைல் காரை ஓட்டிக்கொண்டு செல்மாவுக்குப் போனவர். மார்ட்டின் லூதர் கிங்கின் மாண்ட்கமரி நடைபயணம் முடிந்த 1965 மார்ச் 25 இரவு, ஊர்வலத்தாரைக் கொண்டுவிடக் காரில் போய்க்கொண்டிருந்தபோது லௌண்டஸ் எல்லைக்குள் சுட்டுக் கொன்றார்கள். கொன்றவர்கள் கூ க்ளக்ஸ் க்ளான். டெட்ராய்ட் செய்த கார்களைக் கணக்கெடுக்கிறவர்கள் அந்த ஒரு காரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

வெயில் ஏறிவிட்டது. ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பெரியவரின் தாளை மறுபடி பிரித்தேன். இந்தக் கண்டிஷனை எழுத வைத்த ஆள் ஒருவர் உண்டு. ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர், செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டர். 1891-இல் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். வெள்ளைக்கார அதிகாரிகளைப் புகழ எனக்கு ஆர்வமில்லை. அவர் வேலை பார்த்த அரசாங்கம்தான் மிராசு முறையையே பேணிக் காத்தது. ஆனாலும் அறிக்கையில் மனுஷன் சரியான நரம்பைப் பிடித்திருந்தார்.

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஏரிப் பாசன நிலமெல்லாம் மிராசுதாரர் கையில். சரி, தரிசு இருக்கிறதே, அதைக் கேட்டு நிலமில்லாதவன் தர்காஸ்து மனு போடலாமே என்றால், முதலில் மிராசுதாரரைக் கேட்பார்கள். 'எனக்கு வேண்டும்' என்று அவர் சொல்லிவிட்டால் மனு தள்ளுபடி. உழவேண்டியதுகூட இல்லை, வேண்டும் என்று சொன்னால் போதும். கூலிக்காரன் கையில் நிலம் போய்விட்டால் தன் நிலத்தை உழ ஆள் யார் என்ற பயம். அதைவிட மோசம் வீட்டுமனை. சேரி இருந்த நத்தமும் மிராசுதாரருடையதே. படியாள் எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். 1891-இல் செங்கல்பட்டும் 1965-இல் லௌண்டஸும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டவை. காலடி மண் அடுத்தவனுடையதாக இருக்கும்வரை வாயைத் திறக்க முடியாது.

அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் முதலானோர் எழுதியும் மனுப்போட்டும் குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டிரெமென்ஹீர் அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. அந்த ஆணைப்படி தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம், கணக்கில் டி.சி. (தாழ்த்தப்பட்ட வகுப்பு) நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கத்தார் சொல்லும் எண் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது.

அமெரிக்காவிலும் ஒரு தாள் இருந்தது. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரி 16-இல் தளபதி ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தென் கரோலினாவிலிருந்து புளோரிடா வரை கடலோர நிலத்தை விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று. ராணுவத்தின் கோவேறு கழுதைகளும் சிலருக்குக் கிடைத்தன. சுமார் 40,000 பேர் குடியேறி உழவும் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்டபின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய அடிமை முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்பது இன்றைக்கு அங்கே ஏமாற்றத்துக்கு இன்னொரு பெயர். பிறகு அவர்கள் வியர்வை சிந்தித் தாமாக வாங்கியதும் நிலைக்கவில்லை. 1920-இல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு.

இரண்டு தாளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஷெர்மன் உத்தரவை ரத்து செய்தார்கள். அரசாணை 1010-ஐ யாரும் அப்படித் துணிந்து ரத்து செய்யவில்லை. கண்டிஷன் அப்படியே இருக்கிறது, நிலம்தான் இல்லை. கல்யாணக் கடனில், கைநாட்டில், பக்கத்து வரப்பு நகர்ந்ததில், பதிவேடு மாற்றி எழுதும்போது டி.சி. என்ற இரண்டு எழுத்து விடுபட்டதில் அது கரைந்தது. 2011-இல் பஞ்சமி நிலம் பற்றி ஆராய நீதிபதி மருதமுத்து தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. பெரியவர் அதைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார், குழு வந்தால் காட்டுவதற்கென்றே அன்று ஐந்து ஜெராக்ஸ் எடுத்தாராம்.

*

ஒரகடம் கூட்டுச்சாலைக்கு ஷேர் ஆட்டோ. மேம்பாலம், லாரி வரிசை, வானத்தை மறைக்கிற தகரக் கூரைகள். இங்கே ஒரு டிப்ளமோ பையனோடு சாப்பிட்டேன். காண்ட்ராக்ட் தொழிலாளி. 'எங்க ஊருல எங்கப்பா பண்ணையார் வீட்டுக்குப் பின்வாசல்ல போவாரு. நான் கேட்ல கார்டு தேச்சு முன்வாசல்ல போறேன்' என்றான். பெருமை உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மாதச் சம்பளம் நிலத்தைவிடச் சீக்கிரமாக மனிதனை மிராசுதாரரிடமிருந்து பிரித்து எடுக்கிறது. டெட்ராய்ட்டுக்கு ரயிலேறியவர்களும் அதைத்தான் தேடிப் போனார்கள். ஆனால் அவன் தங்க அறை தேடியபோது வீட்டுக்கார அம்மா முன்பணம் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்டது, "நீங்க என்ன ஆளுங்க?" கறி சமைப்பீங்களா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறவர்கள் நாகரிகமானவர்களாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

டெட்ராய்ட்டில் 1941-இல் ஒரு சுவர் கட்டினார்கள். ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த நிறுவனத்துக்கு, அரசு உத்தரவாதத்தோடு கடன் வேண்டுமானால் நடுவில் சுவர் வேண்டும். இன்னும் நிற்கிறது, இப்போது அதில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். நமக்கும் சுவர் புதிதல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவரில் 2008 மே மாதம்தான் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள்.

தொழிற்சாலைக்குள் போய்விட்டால் எல்லோரும் சமம் என்றும் இல்லை. 1943 ஜூனில் டெட்ராய்ட்டின் பேக்கார்டு ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதை எதிர்த்து வேலையை நிறுத்தி வெளியேறிய வெள்ளைத் தொழிலாளர் சுமார் 25,000 பேர். ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்க்கும் விமானங்களுக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த ஆலை அது! இருபது ஆண்டு கழித்து அதே ஊரின் வாகனத் தொழிலாளர் சங்கம்தான் கிங்கின் பக்கம் நின்றது. பர்மிங்காமில் கைதானவர்களுக்கு ஜாமீன் பணம் கொடுத்தது. 1963 ஜூன் 23-இல் டெட்ராய்ட்டில் கிங் நடந்தபோது சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் கூட நடந்தார். இரண்டு மாதம் கழித்து வாஷிங்டனில் நடந்த பேரணியின் முழுப்பெயரில் 'வேலை' முன்னால், 'சுதந்திரம்' பின்னால். நாம் பள்ளியில் கிங் அங்கே சொன்ன கனவை மட்டும் படித்தோம்.

இந்தத் தொழில் வழித்தடத்திலும் சங்கம் என்ற சொல் லேசில் வாயில் வருவதில்லை. 2018-இல் யமஹா, ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 செப்டம்பர் 9-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள், 37 நாள். கேட்டதில் முக்கியமானது சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதி கட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் தொலைவூர்ப் பெண்கள். ஒரே சீருடை, ஒரே தட்டு, ஒரே பஸ். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று அங்கே கேட்க நேரமில்லை என்கிறார்கள். ஊருக்குப் பொங்கலுக்குப் போகும்போது பஸ் ஊர்முனையில் நிற்கும். அங்கிருந்து ஒருத்தி வலப்பக்கம், ஒருத்தி இடப்பக்கம்.

கூட்டுச்சாலையில் வடக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். பிராமணரல்லாத திருக்கச்சி நம்பி சாப்பிட்டுப் போன இடத்தைத் தன் மனைவி கழுவிவிட்டாள் என்று ராமானுஜர் மனம் நொந்த கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ஆண்டாகத் தரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். கோயிலுக்குப் போகவேண்டும் என்றுதான் இருந்தேன். தெற்கே சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஒரு பஸ் புறப்பட்டது. ஏறிவிட்டேன்.

*

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு மேலே சாயங்காலம் விழுந்துகொண்டிருந்தது. 1994 அக்டோபர் 10-இல் இந்த ஊரில், காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்டுக்கொடு என்று கேட்டு வந்த கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் அவர்களுக்கு மாலை போடுகிறார்கள். கிங்கின் நடைபயணம் கடந்த செல்மா பாலத்தில் ஆண்டுதோறும் அமெரிக்கத் தலைவர்கள் நடந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் செல்மா எப்போதாவது வந்துவிடும். செங்கல்பட்டு வருமா தெரியாது. ஸ்டேஷன் வாசலில் நாலு கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பினப் போராளி ரோசா பார்க்ஸை இரண்டு பேருக்குத் தெரிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற பெயர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

ரயிலுக்கு நேரமிருந்தது. பிளாட்பாரப் பெஞ்சில் பெரியவரின் தாளை மூன்றாம் முறை எடுத்தேன். இந்தத் தடவை செக்குபந்தியை வாசித்தேன். கிழக்கே ஏரி உள்வாய். மேற்கே வண்டிப்பாதை. தெற்கே பனைமர வரிசை. வடக்கே இன்னாருடைய டி.சி. நிலம். அந்த இன்னாரும் ஒரு பெருவிரல் வைத்திருப்பார்.

போன் அடித்தது. அவர்தான்.

"தம்பி, ஏ-ரிஜிஸ்டர எடுத்துக் காட்டிட்டாங்க. பழைய புஸ்தகத்துல டி.சி.ன்னு இருக்கு. புதுசுல இல்ல. எழுதிக் குடு, திங்கக்கெழம வான்னாங்க."

"எழுதிட்டீங்களா?"

"எழுத ஆளு வேணுமில்ல."

"நான் வரட்டுமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் பேத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆறே காலுக்குத் தாம்பரத்துல ஏறிடுங்க. அடுத்த பஸ்ல உக்கார எடம் இருக்காது" என்றார்.